வள்ளியம்மாளின் பேரன்!

சினிமாவில் பாடினால் தான் பாட்டுக்காரர் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு. ஆம்பூரில், ஷூ கம்பெனி தையல் பிரிவில் வேலை பார்ப்பவள் நான். கம்பெனி பஸ்சில், சொந்தமாய் பாட்டு கட்டி பாடிக்கிட்டே வரும் பெண்கள் உண்டு. பாராட்டினால், 'சும்மா வாய்க்கு வந்ததை பாடறோம்கா...' என்பர். அவர்களுக்கு நான் சொல்வது, அரக்கோணத்து பிள்ளை, 'தெருக்குரல்' அறிவு கதையை தான்.

இவரது பாட்டி வள்ளியம்மாள், இலங்கை தேயிலை தோட்டத்தில் உழைத்தவர். 1964ல் போட்ட சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி, 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி தோட்டத்தை விட்டு திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் இவர்களும் உண்டு.

பாட்டி சொன்ன கதையும், ஒப்பாரியும் பேரன் மனசில் விதையாய் விழுந்தன. 2018ல், 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடினார். 2019ல், 'தெருக்குரல்' ஆல்பம் வந்தது. 2021 மார்ச்சில், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், பாடகி தீயோடு பாடிய, 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஒலித்தது. வீடியோவில் வள்ளியம்மாளும் வருவார்.

பேர் வந்ததும் பிரச்னையும் வந்தது. 2022ல், சென்னை செஸ் ஒலிம்பியாட் துவக்க விழாவில் அந்த பாட்டு ஒலித்தபோது, மேடையில் அறிவு இல்லை. 'எழுதி, மெட்டமைத்து, பாடியவன் நான்' என்றார் அறிவு. 'எல்லாரும் சேர்ந்து செய்தது' என்றனர் மற்ற இருவரும். 2024ல், அந்த பாட்டால் யாருக்கும் பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

நியாயம் யார் பக்கமோ, அதை விடுங்கள். சொந்தமாய் பாட்டு கட்டுகிறவர்களுக்கு கணக்கு வழக்கும் தெரியணும். பாட்டை எழுதி வைத்ததுமே, எழுதியவருக்கு உரிமை வந்து விடும்; பதிவு செய்வது கட்டாயமில்லை. 2012ல் சட்டம் திருத்திய பின், பாடலாசிரியரின் ராயல்டி பங்கை யாரும் எழுதி வாங்கி கொள்ள முடியாது. எதிலும் படித்து பார்க்காமல் கையெழுத்து போடாதீர்கள்!

அறிவு சோர்ந்து விடவில்லை. 2024ல், 'வள்ளியம்மா பேராண்டி' என்றே ஆல்பம் போட்டார். பேரன் பாட்டுக்கு பாட்டியின் பேரே தலைப்பு!

நம் வீட்டு ஆயாக்களும் நடவுக்கும், தாலாட்டுக்கும், சாவுக்கும் பாடியவர்கள் தானே? அவர்கள் கண் மூடினால், பாட்டும் போச்சு. செல்போனில் பதிவு செய்யுங்கள். ஒரு நோட்டில் பாட்டையும், பாடியவர் பேர், ஊர், தேதியையும் எழுதி வையுங்கள். எங்கள் பஸ்சில் இரண்டு பேர் நோட்டு போட்டாச்சு... நீங்கள் எப்போ, தோழியரே?

- ஒரு வாசகி, ஆம்பூர்.