விரலுக்கு 14, காதுக்கு எவ்வளவு?

புதுச்சேரி லாசுப்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர் நீளம்தான். பெரிய ஜெட் விமானங்கள் நிறைய பயணிகளோடு வந்து போக அது போதாது. அதனால் இங்கே வருவது இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் 72. 2024 டிசம்பர் 20 முதல் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் இண்டிகோ இந்த வகை விமானத்தைத்தான் இயக்கத் தொடங்கியது.

ஏடிஆரில் ஒரு விசேஷம் உண்டு. பெரிய ஜெட்டுகளின் வால்பகுதியில் ஒரு குட்டி எஞ்சின் இருக்கும். விமானம் நிற்கும்போது விளக்குக்கும் ஏ.சி.க்கும் மின்சாரம் தருவது அதன் வேலை. ஏடிஆரில் அது கிடையாது. பதிலாக வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஹோட்டல் மோடு என்பார்கள். தரையிலிருந்து மின்சாரம் தரும் வண்டியை இணைத்துவிட்டால் இது தேவைப்படாது. இணைக்காத நேரத்தில், விசிறி அசையாமல் நிற்க எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருக்கும். பயணிகள் இடப்பக்கக் கதவு வழியாக ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். பெட்டி ஏற்றும் லோடரும், சக்கரத்துக்குக் கட்டை வைப்பவரும், எரிபொருள் நிரப்புபவரும், டெக்னீஷியனும் அந்த இரைச்சலைச் சுற்றியே வேலை பார்க்கிறார்கள்.

இவர்களில் ஒருவருக்குக் கதவில் சிக்கி ஆள்காட்டி விரல் போனால், அதன் மதிப்பு சட்டத்தில் எழுதியே இருக்கிறது. 14 சதவீதம். நடுவிரலுக்கு 12. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7. கட்டைவிரலுக்கு 30, ஏனென்றால் பிடிமானமே அதில்தான். மற்றது நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40. இரண்டு கையும் போனால் 100. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்த எண்கள் இவை. உடலை இப்படித் துண்டு துண்டாக விலை பேசுவதைப் பார்த்தால் மனம் கூசத்தான் செய்கிறது. ஆனால் இந்த எண்கள் வலிக்கான விலை அல்ல. அந்த உறுப்பு போனதால் ஒருவருடைய சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதன் அளவு.

கணக்கு இப்படிப் போகிறது. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், மரணமானால் 50. அதை வயதுக்கு உரிய ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். வந்த தொகையில் உறுப்புக்கு உரிய சதவீதம்தான் இழப்பீடு. டெக்னீஷியனுக்கு 30 வயது, கணக்கில் கொள்ளும் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், 9,000 பெருக்கல் 207.98, அதாவது 18,71,820 ரூபாய். அதில் 14 சதவீதம் ஏறக்குறைய 2,62,055 ரூபாய். அதே விரல், அதே சம்பளம், வயது 50 என்றால் பெருக்கெண் 153.09. கிடைப்பது சுமார் 1,92,893.

அந்தப் பெருக்கெண்தான் என்னை வியக்க வைப்பது. மாதம் 1 ரூபாய் வருமானம் நின்றுபோனால் அதற்கு ஈடாக இன்று ஒரே தொகையாக எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்விக்கு அது பதில். 16 வயது வரை 228.54 ரூபாய் என்கிறது அட்டவணை. வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள்: 240 ரூபாயை வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 12 ரூபாய் வரும், மாதம் 1 ரூபாய், முதல் கரையாமல் என்றென்றைக்கும். மனிதருக்கு என்றென்றைக்கும் தேவையில்லை. ஆகவே 240-க்குச் சற்றுக் கீழே ஓர் எண். வயது ஏற ஏற அது இறங்குகிறது, ஆனால் ஒரே சீராக இல்லை. 16-லிருந்து 17-க்குப் போகும்போது குறைவது 1.05. 50-லிருந்து 51-க்குப் போகும்போது குறைவது 3.42. இளமையில் ஓர் ஆண்டு கழிந்தால் மீதமுள்ள காலம் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியாது, ஐம்பதில் தெரியும். 65-ஐத் தொட்டால் 99.37. எத்தனை பேர் எந்த வயதுவரை வாழ்கிறார்கள் என்ற கணிதமும் வட்டிக் கணிதமும் ஒரு பக்க அட்டவணைக்குள் அடங்கியிருக்கின்றன.

முதலாளியின் தவறா என்று இந்தக் கணக்கில் எங்குமே கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் விடலாம் என்று கண்டுபிடிக்க ஐரோப்பாவுக்கு ஒரு நூற்றாண்டுத் தொழிற்சாலைப் புகை தேவைப்பட்டது. முதலாளியின் கவனக்குறைவைத் தொழிலாளி நிரூபித்தால்தான் பணம் என்பது பழைய நியதி. ஜெர்மனி 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் போட்டு அதைத் தாண்டியது. பிரான்சில் மாற்றம் ஒரு கையிலிருந்து தொடங்கியது. தார்ப் நகரின் அரசு ஆயுதசாலையில் நீராவிச் சுத்தியலின் கீழிருந்து ஓர் உலோகத் துணுக்கு தெறித்து காம் என்ற தொழிலாளியின் இடது கையை முடமாக்கியது. அரசு தரப்பில் தவறு இல்லை, அவர் தரப்பிலும் இல்லை. 1895 ஜூன் 21 அன்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம், தவறு இல்லாவிட்டாலும் அரசு பொறுப்பு என்று சொல்லி அவருக்கு ஆண்டுக்கு 600 பிராங்க் ஆயுள் உதவித்தொகை கொடுத்தது. இயந்திரத்தால் லாபம் அடைபவரே அதன் ஆபத்தையும் சுமக்க வேண்டும் என்ற எண்ணம் 1898 ஏப்ரல் 9-இல் அங்கே சட்டமாயிற்று. நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்ததற்கு ஈடான கண்டுபிடிப்பு இது என்பது என் கருத்து.

அதே பிரான்சின் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் தொழிலாளருக்கு உரிமைகள் அமைதியாக வரவில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 1937 ஏப்ரல் 6 ஆணையில் 8 மணி நேர வேலை வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் இந்தியாவுடனான இணைப்பு சட்டப்படி முழுமையான பிறகு இந்தியச் சட்டங்கள் இங்கே இடம்பிடித்தன. 2025 நவம்பர் 21 முதல் 1923 சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் கணக்கிடும் முறை அதேதான்.

விரல் போனால் எல்லோருக்கும் தெரியும். காது போவது, போகிறவருக்கே தெரிவதில்லை.

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் பரிந்துரைக்கும் எல்லை. 88 என்றால் 4 மணி நேரம், 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி. இப்படிப் பாதி பாதியாக இறங்கி 100-இல் வந்து நின்றால் மிஞ்சுவது 15 நிமிடம். எஞ்சின் ஓடும் விமானத்தின் அருகில் 100-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். ஒரு விமானம் வந்து திரும்பிப் போக அரை மணி நேரம் ஆகிறது என்றால், காது மூடாமல் நிற்பவருக்கு அன்றைய முழு ஒதுக்கீடும் அதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.

உள்ளே நடப்பது இது. நத்தைக்கூடு போலச் சுருண்ட உள்காதில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி அலை வந்தால் அவற்றின் நுனி சாய்கிறது. அந்தச் சாய்வுதான் மின்துடிப்பாகி மூளைக்குப் போகிறது. இரைச்சல் அளவை மீறினால் அவை காற்றில் படுத்த நெற்பயிராகிவிடும். ஓய்வு கிடைத்தால் சில நிமிரும், சில நிமிராது. இறந்த செல் மனிதரில் மீண்டும் முளைப்பதே இல்லை. பறவைகளில் முளைக்கிறது! கோழிக்குஞ்சின் காதில் நடப்பது நம் காதில் ஏன் நடக்கவில்லை என்பது உயிரியலில் இன்னும் சூடாக ஆராயப்படும் கேள்வி.

இரைச்சல் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கேள்திறனை. காதுக்குழாயின் நீளமும் வடிவமும் 3,000 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள ஒலியைத் தாமாகவே பெருக்கிவிடுவதால் அதை ஒட்டிய இடம் அதிகம் அடிவாங்குகிறது. ஆடியோகிராம் எடுத்தால் வரைகோட்டில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். நமது உயிரொலிகள் கீழ்ச்சுருதியில் இருப்பவை, அவை கேட்கும். ச, த போன்றவற்றின் உரசலும் வெடிப்பும் மேலே இருப்பவை, அவைதான் மங்கும். வீட்டில் அம்மா பேசுவது அந்தத் தொழிலாளிக்குக் கேட்கும், என்ன சொன்னார் என்பது பிடிபடாது. டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொல்வார். வயசாகிவிட்டது என்று வீடு சொல்லும். அவருக்கு 38 வயதாக இருக்கும்.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு, தொழில் நோய்களின் பட்டியலான மூன்றாம் அட்டவணையின் ‘பி’ பகுதியில் இருக்கிறது. அப்படிப்பட்ட வேலையில் தொடர்ந்து 6 மாதம் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால் அது வேலையால் வந்தது என்றே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. முழுச் செவிடானால் உறுப்பிழப்பு அட்டவணை 100 சதவீதம் என்கிறது. சிக்கல் இடையில்தான். பாதி போன காதுக்கு விரலுக்கு இருப்பதுபோல அச்சிட்ட எண் இல்லை. மருத்துவர் மதிப்பிட வேண்டும். மதிப்பிட ஆதாரம் வேண்டும்.

முதுகும் அப்படித்தான். நையாஷின் கணக்குப்படி எல்லாம் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. விமானத் துறையில் ஒரு பெட்டிக்கு உச்ச எடை 32 கிலோ. சிறிய விமானத்தின் சரக்கறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்தோ மண்டியிட்டோ தூக்கும்போது கால் உதவிக்கு வராது, பளு முழுவதும் இடுப்புக்கு மேல் முதுகெலும்பு வட்டுகளில் இறங்கும். பெரியவர்களின் வட்டுகளில் ரத்தக்குழாய் ஏறக்குறைய இல்லை, கசிந்து வரும் சத்தில் பிழைக்கின்றன. அதனால் ஆறுவது மிக மெல்ல. பெட்டியைத் தூக்கிய கணத்தில் வட்டு பிதுங்கினால் அது விபத்து. பத்து ஆண்டு தூக்கித் தேய்ந்தால் வழக்காடத்தான் வேண்டும்.

ஆகாயத்தில் இருப்பவர்களின் ஆபத்து இன்னும் நுண்மையானது. விண்வெளியிலிருந்து பொழியும் கதிர்வீச்சைக் காற்றுமண்டலம் வடிகட்டுகிறது; மேலே போகப் போக வடிகட்டி மெலிகிறது. விமானக் குழுவினரைத் தொழில்முறையில் கதிர்வீச்சுக்கு உள்ளாகிறவர்கள் என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1990 பரிந்துரைகளிலேயே சேர்த்துவிட்டது. நம் பகுதிக்கு இதில் ஒரு கொடை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். இங்கே காந்தப்புலம் கிடைமட்டமாகப் படுத்திருந்து மின்னூட்டத் துகள்களைத் திருப்பிவிடுகிறது. துருவங்களில் அவை கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகின்றன. ஆகவே புதுச்சேரி-பெங்களூர் ஏடிஆரில் பணிபுரிபவரும் வட துருவத்தை ஒட்டி சான் பிரான்சிஸ்கோவுக்குப் பறப்பவரும் ஒரே தொழில், ஆனால் வெவ்வேறு மழையில் நனைகிறார்கள். அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்களும் அதே ‘பி’ பகுதியில் இருக்கின்றன. ஆனால் புற்றுநோய் இருபது ஆண்டு கழித்து வந்தால் எந்தப் பறப்பில் வந்தது என்று எவரால் காட்ட முடியும்?

விமானியும் பணிக்குழுவினரும் இந்தச் சட்டத்துக்குள் வெளிப்படையாகக் கொண்டுவரப்பட்டது 1995 திருத்தத்தில். அதில் மனதைத் தைக்கும் ஒரு விதி இருக்கிறது: விமானம் அனைவரோடும் காணாமல் போனால், தொலைந்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து 18 மாதத்துக்குள் குடும்பம் கோரிக்கை வைக்கலாம். கப்பல் மாலுமிகளுக்கு எழுதிய விதியை வானுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த விமானத்தில் பணிக்குழுவினர் 12 பேர் இறந்தார்கள். பயணிகளின் குடும்பங்களுக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை இருந்தது, ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் வரை நிரூபிக்கப்பட்ட இழப்புக்கு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. பணியில் இருப்பவர் பயணி அல்ல, அவருக்கு அது பொருந்தாது. இழப்பீட்டுச் சட்டத்தில் கணக்கிட எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சம் 2020 ஜனவரி 3 முதல் 15,000 ரூபாய். 30 வயதுப் பணிப்பெண் இறந்தால் சட்டம் உறுதியளிப்பது 7,500 பெருக்கல் 207.98, அதாவது 15,59,850 ரூபாய். நிறுவனத்தின் காப்பீடும் ஒப்பந்தமும் இதற்கு மேலே தரலாம். ஆனால் சட்டத்தின் அடித்தளம் இவ்வளவு கீழே இருப்பது நியாயமில்லை. வயதை இத்தனை நுணுக்கமாகக் கணக்கிட்ட சட்டம் சம்பளத்தை இவ்வளவு முரட்டுத்தனமாக வெட்டக்கூடாது.

லாசுப்பேட்டை லோடருக்குப் பெரும்பாலும் வேறு வழி. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் அவர் இ.எஸ்.ஐ.க்குள் வருவார், அங்கே பொதுவாக மொத்தத் தொகை கிடையாது. சராசரி ஊதியத்தின் 90 சதவீதத்தை அடிப்படையாகக் கொண்டு இயலாமைக்கு ஏற்ற மாதாந்தர உதவி வரும். கோரிமேட்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை. இ.எஸ்.ஐ. உதவியையும் இழப்பீட்டுச் சட்டத் தொகையையும் சேர்த்து வாங்க முடியாது. அவர் நேரடி ஊழியராக இல்லாமல் கான்ட்ராக்டில் இருந்து இ.எஸ்.ஐ.யிலும் சேர்க்கப்படாமல் விடப்பட்டிருந்தால், கான்ட்ராக்டர் கைவிரித்தாலும் வேலை கொடுத்த முதன்மை நிறுவனம் பொறுப்பு. இது பலருக்குத் தெரியாததால்தான் பலர் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

வேலைக்கு வரும் வழியிலும் பாதுகாப்பு உண்டு. அதிகாலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் ஆலைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்பு விபத்தில் இறந்தார். அது வேலையோடு தொடர்புடைய விபத்துதான் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2003-இல் நடந்த விபத்து அது.

காதுக்குத் திரும்பினால், ஒரு தாள் எல்லாவற்றையும் மாற்றிவிடும். வேலையில் சேரும் முதல் வாரத்தில் எடுத்த ஆடியோகிராம் இருந்தால், எட்டு ஆண்டு கழித்து 4,000 ஹெர்ட்ஸில் தெரியும் பள்ளம் முன்பு இல்லாதது என்று காட்ட முடியும். அது இல்லாவிட்டால் பிறவிக் குறை, வயது, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் என்று எதை வேண்டுமானாலும் எதிர்த்தரப்பு சொல்லலாம். சோதனைக்கு ஓர் ஒலிபுகா அறையும் அரை மணி நேரமும் போதும். விமானத்தைச் சுற்றி வேலைக்குச் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தத் தாளின் ஒரு பிரதியை வீட்டில், ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும்.