விடுதி வாழ்வும் கட்டிளமைப் பருவத்தினர் உளநலமும்

ஈழத்துத் தமிழரிடையே விடுதிக் கல்வி புதியதொன்றன்று. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியையும், 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவிய காலந்தொட்டு, பிள்ளையை வீட்டினின்றும் பிரித்துவைத்துக் கற்பித்தல் நம்மிடை நிலைபெற்றுள்ளது. மிசனரிமாரைப் பொறுத்தவரை அப்பிரிவு தற்செயலானதன்று; வீட்டுச் சூழலின் செல்வாக்கிலிருந்து பிள்ளையை விலக்குதல் அவர்தம் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த 1940களில் எழுந்த மத்திய கல்லூரிகளின் விடுதிகளோ வேறு நோக்கமுடையன. புலமைப்பரிசில் பெற்ற கிராமத்துப் பிள்ளை, வறுமையும் தூரமும் தடையாகாது நல்ல பாடசாலையொன்றிற் கற்பதற்கு அவை வழிசெய்தன. இவ்விடுதிகள் நாட்டுக்குத் தந்த பயன் பலராலும் பேசப்பட்டுள்ளது. ஆனால் 11 வயதில் அங்கு புகுந்து 18 வயதில் வெளியேறும் பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்வது யாது என்பது பற்றிய பேச்சு அருமையாகவே எழுகின்றது.

முதலில் எதிர்ப்படுவது வீட்டு ஏக்கம். 1688இலேயே யொகானஸ் ஹோபர் என்னும் மருத்துவ மாணவர், தாய்நாட்டைப் பிரிந்த சுவிற்சர்லாந்தினரிடம் இதனைக் கண்டு, ஒரு நோயாகவே விவரித்துப் பெயரும் இட்டார். இன்று அது நோயெனக் கொள்ளப்படுவதில்லை. பிரிவுக்கு உள்ளம் ஆற்றும் இயல்பான எதிர்வினையென்றே கொள்ளப்படுகின்றது. அமெரிக்காவிற் கோடைக்கால முகாம்களுக்குச் சென்ற சிறுவரை ஆராய்ந்த கிறிஸ்தோபர் தேபர் முதலியோர், எப்பிள்ளையிடம் இவ்வேக்கம் மிகும் என்பதை ஓரளவு தெளிவாக்கியுள்ளனர். முன்னர் வீட்டைப் பிரிந்து பழகாத பிள்ளையும், போவதா இல்லையா என்னும் முடிவிற் பங்கில்லாத பிள்ளையுமே மிகுதியாக வருந்துகின்றன. இவ்விரண்டாவது காரணம் நாம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நம் நாட்டில் அம்முடிவைப் பரீட்சைப் புள்ளியும் பெற்றோரின் கனவும் சேர்ந்து எடுத்துவிடுகின்றன. “உனக்குக் கிடைத்த பாக்கியம்” என்று ஊரே கூறும்போது, தான் அழ விரும்புவதைப் பிள்ளை எவரிடம் சொல்லும்? ஆகவே விடுதி காட்டும் முதலாவது ஆதரவு, பிள்ளை விடுதிக்கு வருமுன்னரே தொடங்கவேண்டும். இடத்தை முன்கூட்டிக் காட்டுதல், உறவினர் வீட்டிற் சில நாள் தங்கவிட்டுப் பழக்குதல், பிள்ளையின் அச்சத்தை மறுக்காது கேட்டல் என்பன எளியவை. “பிடிக்காவிட்டால் உடனே வந்து கூட்டிச் செல்வேன்” என்று தாய் வாக்களிப்பது மாத்திரம் ஆகாது. அவ்வாக்குப் பிள்ளையின் மனத்தை வாசலிலேயே நிறுத்திவிடும்.

மேலைநாட்டு ஆய்வுகளை இங்கு எடுத்தாளும்போது எச்சரிக்கை வேண்டும். பிரித்தானிய உளப்பகுப்பாய்வாளர் ஜோய் சவேரியன் 2011இல் எழுதிய கட்டுரையொன்றிலும் 2015இல் வெளியிட்ட நூலிலும் ‘விடுதிப் பாடசாலை நோய்க்குறித் தொகுதி’ என ஒன்றை விவரித்தார். இளமையிற் பிரிக்கப்பட்ட பிள்ளை உணர்ச்சியை உள்ளே பூட்டிவைத்துத் திடமானவன்போல் நடிக்கக் கற்கின்றது என்பதும், முதுமையிலும் நெருங்கிய உறவில் அப்பூட்டுத் திறவாது என்பதும் அவர் கருத்து. இது மருத்துவர் வகுத்த நோய்ப் பட்டியல்களில் இடம்பெற்றதன்று. தம்மிடம் சிகிச்சைக்கு வந்தோரைக் கொண்டு அவர் கண்ட முடிவு. அவர்களுட் பலர் ஏழெட்டு வயதிற் பிரிக்கப்பட்ட வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். நம் விடுதிப் பிள்ளை அவ்வாறானதன்று. வீட்டில் விளக்கும் மேசையும் அற்ற பிள்ளைக்கு விடுதியே ஆறுதலாதலும் உண்டு. எனினும் ஒரு பாடம் பொதுவானது. அழுது ஓய்ந்த பிள்ளை ஆறிய பிள்ளையென்று கொள்ளலாகாது. விடுதிப் பொறுப்பாளர் ‘தொல்லையில்லாதவன்’ எனப் பாராட்டும் மாணவனே சிலவேளை மிகுந்த கவனத்துக்கு உரியவன்.

நித்திரை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கட்டிளமைப் பருவத்தில் உடலின் உட்கடிகாரம் பின்தள்ளப்படுகின்றது. மெலற்றோனின் என்னும் சுரப்பு இரவிற் பிந்தியே எழுதலால் நித்திரையும் பிந்தியே வரும். 13 முதல் 18 வயது வரையினர்க்கு 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும் என்பர் நித்திரை மருத்துவர். இரவு பத்து மணிவரை படிப்பு, அதிகாலை நாலரைக்கு மணி என்றால் எஞ்சுவது ஆறரை மணி நேரமே. இக்குறைவு மனச்சோர்வையும் பதகளிப்பையும் வளர்க்கவல்லது. இதனைச் சோம்பலெனக் கருதித் தண்டிப்பாரும் உளர். செலவேதுமின்றிச் செய்யத்தக்க சீர்திருத்தம் இதனினும் வேறில்லை எனலாம்.

இனி மையமான சிக்கலுக்கு வருவோம். விடுதிப் பொறுப்பாளர் ஒருவரே ஒழுங்கைக் காப்பவராகவும் அந்தரங்கத்தைக் கேட்பவராகவும் இருக்குமாறு நம் அமைப்பு எதிர்பார்க்கின்றது. தண்டிப்பவரிடம் மனந்திறப்பவர் எவர்? மூத்த மாணவரின் பகிடிவதையால் வருந்தும் பிள்ளைக்கு மாணவத் தலைவரிடம் முறையிடுதல் தீயிடமே குளிர் கேட்பதற்கு ஒப்பாகும். ஆதலால் தண்டனை அதிகாரம் எதுவுமற்ற ஒருவர், உளவளத்துணைப் பயிற்சி பெற்ற ஆசிரியரோ வெளியிலிருந்து வாரந்தோறும் வருபவரோ, விடுதிக்கு இன்றியமையாதவர். பயிற்சி பெற்றவர் கிடையாதவிடத்து, சமையற்கூடத்து அம்மாவிடம் பிள்ளைகள் தாமே சென்று பேசுதலை நாம் காண்கின்றோம். அதனைத் தடைசெய்யாது, எதனை உடனே அறிவிக்கவேண்டும் என்பதை மாத்திரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தல் தகும். கேட்பவர் எதனை மறைவாக வைப்பார், எந்நிலையில் மறைக்கமாட்டார் என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே கூறிவிடவேண்டும். உயிருக்கு ஆபத்து நேருமிடத்து மறைவில்லை.

அவ்வாபத்தைப் பற்றி வாய்திறக்க ஆசிரியர் அஞ்சுவர். கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்ததாகும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வுகள் இதனை ஆதரிக்கவில்லை. நேராகவும் பரிவாகவும் வினவுதல் அவ்வெண்ணத்தை வளர்ப்பதில்லை. பெரும்பாலும் பிள்ளைக்கு ஆறுதலே தருகின்றது. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என உச்சமடைந்த தற்கொலை விகிதம், பின்னர் பெரிதும் குறைந்தமைக்குக் கொடிய பீடைகொல்லிகளைத் தடைசெய்தமை முதன்மையான காரணமாகக் காட்டப்படுகின்றது. விடுதியின் மருந்துகளையும் தோட்ட நஞ்சுகளையும் பூட்டிவைத்தல் என்னும் சிறு காரியத்தின் பெறுமதி இதனாற் புலப்படும். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டிற் குற்றமன்று என்பதையும் அதிபர் அறிந்திருத்தல் நன்று. பொலிசுக்கு அஞ்சி மறைக்கவேண்டிய தேவையில்லை.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவுபகலாக இயங்குவது, கட்டணமற்றது, தமிழிலும் பேசலாம். அதனை விடுதிச் சுவரில் ஒட்டிவைக்க அரைத்தாள் போதும். தொலைபேசி அதிபரின் அறையில் அவர் மேசைமீது இருக்குமாயின் எந்தப் பிள்ளையும் அதனைத் தொடாது. இருவர் சேர்ந்து நின்று கேட்கமுடியாத ஒரு மூலையில் அதனை வைத்தல் வேண்டும்.