கெக்கோவின் கண்ணாடித் தொட்டிக்கு எந்தச் செடி?

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியாவின் ஈரக் காடுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் பல்லி க்ரெஸ்டட் கெக்கோ. 1866இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்த இனம் பிறகு நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்று பலரும் முடிவுகட்டியிருந்த வேளையில், 1994இல் மீண்டும் அகப்பட்டது. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகுதியாக வளர்க்கப்படும் வீட்டுப் பல்லிகளில் இதுவும் ஒன்று.

இதை வளர்ப்பவர்கள் கண்ணாடித் தொட்டிக்குள் உயிருள்ள செடிகளை வைப்பது அழகுக்காக மட்டுமல்ல. பகலில் இலை மறைவில் உறங்கி, இரவில் இலைக்கு இலை தாவும் பிராணி இது. கிண்ணத்தில் தண்ணீர் இருந்தாலும், மாலையில் தெளிக்கும் நீர் இலைகளில் துளியாக நிற்கும்போது அதை நக்கிக் குடிப்பதுதான் இதற்குப் பிடித்த வழி. ஈரப்பதத்தைக் காப்பதும் செடிகளே.

அப்படியானால் எந்தச் செடி பாதுகாப்பானது? பலரும் முதலில் தேடுவது நச்சுச் செடிப் பட்டியலை. அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. அமைப்பு வெளியிட்டிருக்கும் பட்டியல் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அது நாய், பூனை, குதிரைகளை மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டது. நம் வீடுகளில் பாட்டிலில்கூட வளரும் மணி பிளான்ட் அதில் நச்சுச் செடியாகவே இடம்பெறுகிறது. காரணம், அதன் இலையிலும் தண்டிலும் உள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கிறதே, அதற்குக் காரணமான அதே படிகங்கள்தாம். இவை எல்லாமே ஒரே தாவரக் குடும்பம். இலையைக் கடித்து மென்ற நாய்க்கு வாய் எரியும், எச்சில் வடியும்.

க்ரெஸ்டட் கெக்கோ இலையை மெல்வதில்லை. கனிந்த பழம், தேன், பூச்சி ஆகியவையே அதன் உணவு. அதனால்தான் பட்டியலில் நச்சு என்று குறிக்கப்பட்ட மணி பிளான்ட், இந்தத் தொட்டிகளில் மிக அதிகமாக நடப்படும் செடிகளில் ஒன்றாக இருக்கிறது. செடியில் நஞ்சு உண்டா என்பதோடு, அது எந்த வழியாகப் பல்லியைச் சேரும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

அந்த வழிகளில் ஒன்று இரைப்பூச்சி. உண்ணப்படாமல் எஞ்சிய சில்வண்டுகள் இரவெல்லாம் இலையைக் கொறிக்கும். பிறகு அந்த வண்டையே பல்லி விழுங்கும். அரளி, எருக்கு போன்றவற்றில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருப்பதால் அவற்றுக்குத் தொட்டியில் இடமே கூடாது. இன்னொரு வழி, செடியிலிருந்து வடியும் பால். இந்தக் கெக்கோவுக்கு இமை கிடையாது. கண்ணைத் தன் நாக்காலேயே நக்கித் துடைத்துக்கொள்ளும். கள்ளி வகை யூஃபோர்பியாக்களின் பால் கண்ணைப் புண்ணாக்கக் கூடியது. இமையில்லாத கண்ணில் ஒரு துளி பட்டாலே ஆபத்து.

இவற்றைவிட எளிதில் கவனத்துக்குத் தப்புவது நர்சரியில் அடித்த மருந்து. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகளை வேர் உறிஞ்சி, சாறு வழியாக இலைக்கும் பூவுக்கும் ஏற்றிவிடுகிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. வாங்கிய செடியின் பழைய மண்ணை முழுக்க உதறி, வேரை அலசி, உரம் கலக்காத புது மண்ணில் மாற்றி, சில மாதங்களாவது தனியே வளர்த்த பிறகு தொட்டிக்குள் கொண்டுபோவது நல்லது. பழைய மண்ணில் வண்ண உர உருண்டைகளும் வெள்ளைப் பெர்லைட் மணிகளும் கிடக்கும். பூச்சியைக் கவ்வும்போது பல்லி அவற்றையும் சேர்த்து விழுங்கிவிடலாம். மருந்தே படாத வீட்டுக் கொடியிலிருந்து ஒரு கணுவை வெட்டித் தண்ணீரில் வேர்விட வைத்தால் இந்தக் கவலையே இல்லை. செலவும் கிடையாது.

வளர்ந்த க்ரெஸ்டட் கெக்கோ சுமார் 40 கிராம் இருக்கும். பாய்ந்து இறங்கும்போது அந்த எடையைத் தாங்க விறைப்பான இலை வேண்டும். பாம்புச்செடி எனப்படும் சான்சிவேரியா அதற்கு உகந்தது. அகன்ற இலைப் புரோமிலியாடுகளும் ஏற்றவை. முள் விளிம்புள்ளவற்றைத் தவிர்க்க வேண்டும். இடைவெளியை நிரப்ப ஸ்பைடர் பிளான்ட், பெப்பரோமியா, பாஸ்டன் ஃபெர்ன். வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்தப் பல்லி தவித்துப்போகும் என்பதால், செடிக்காகப் போடும் விளக்கு அதிகம் சூடேறாத எல்.இ.டி.யாக இருக்கட்டும்.

எல்லாக் கெக்கோவுக்கும் இதே செடிகள் பொருந்தாது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலங்களைச் சேர்ந்த லெபர்ட் கெக்கோவுக்கு ஒட்டும் பாதங்கள் இல்லை, ஆனால் இமை உண்டு. தரையில் திரியும் அதற்கு ஹவொர்த்தியா போன்ற சிறிய, நீர் குறைவாகக் கேட்கும் செடிகளே சரி. தொட்டி ஈரமாகவே கிடந்தால் அதன் தோல் கெடும்.

செடி நட்டதும் பல்லியை விட்டுவிடக் கூடாது. வேர் பிடிக்க ஒரு மாதமாவது ஆகும். அதிலும் பெண் க்ரெஸ்டட் கெக்கோ ஒரு முறைக்கு இரண்டு முட்டைகளை ஈரமண்ணைத் தோண்டிப் புதைக்கும்; பெரும்பாலும் அது தேர்ந்தெடுப்பது செடியின் அடிமண்ணைத்தான். செடியைத் தனிச் சட்டியோடு இறக்கி, முட்டைக்கென்று ஈரமண் நிரப்பிய ஒரு பெட்டியைப் பக்கத்தில் வைத்தால் வேரும் தப்பும், முட்டையும் கிடைக்கும்.