ரோனோக்குத் தீவில் மறைந்த குடியேற்றம்

கி. பி. 1587-ஆம் ஆண்டில், சர் வால்ட்டர் ராலி என்பார் அனுப்ப, ஆடவரும் மகளிரும் சிறாருமாக நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கிலேயர் வட அமெரிக்காவின் கீழ்க்கரையை அடுத்த ரோனோக்குத் தீவிற் குடியேறினர். அவர்க்குத் தலைவர் ஜான் ஒயிட்டு. அவருடைய மகளுக்கு ஆகஸ்டு 18-ஆம் நாள் அங்கே ஒரு பெண் மகவு பிறந்தது. சின்னாளில் உணவும் துணையும் வேண்டி ஒயிட்டு தாய்நாடு சென்றார். ஸ்பானியப் போர் குறுக்கிட்டமையால் 1590-இல், பேத்தி பிறந்த அதே நாளில்தான் மீண்டார்.

ஊரில் ஒருவரும் இலர். வீடுகள் எரிந்து கிடக்கவில்லை, பிரித்தெடுக்கப்பட்டிருந்தன. கம்பமொன்றில் ‘குரோவட்டோவன்’ என்னும் சொல் செதுக்கப்பட்டிருந்தது. இடுக்கண் நேரின் சிலுவைக்குறி பொறிப்பதென்று முன்னரே பேசியிருந்தனர், அக்குறி அங்கில்லை. ஆதலின் அவர்கள் தாமே பெயர்ந்து சென்றனர் என்று கொள்வதே பொருந்தும். குரோவட்டோவன் என்பது தெற்கே, இந்நாளில் ஹாட்டரஸ் எனப்படும் தீவு. ஆங்கிலேயரோடு நட்புப் பூண்ட மன்டியோ என்பாரின் ஊர். புயலால் ஒயிட்டு அங்குச் செல்லக்கூடவில்லை. பேத்தியை அவர் மீண்டும் கண்டாரில்லை.

இனி, மண் கூறும் சான்றுகளைக் காண்போம். ஹாட்டரஸில் 1998-இல் அகழ்ந்தெடுத்த மோதிரம் ஒன்றைப் பொன்னென்றும், ரோனோக்கு மாந்தர் ஒருவரின் குலமுத்திரை என்றும் பலர் கொண்டாடினர். 2017-இல் ஆராய்ந்தபோது அது பித்தளையென்று தெரிந்தது! பிற்கால வணிகரும் பித்தளை மோதிரங்களைக் கொணர்ந்து விற்றனரே.

ஒயிட்டு வரைந்த நிலப்படம் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. அதில் ஒட்டிய காகிதத் துண்டின் அடியில் கோட்டைக்குறி ஒன்று மறைந்திருப்பதை 2012-இல் கண்டனர். அக்குறி காட்டும் இடம் மேற்கே உள்நாட்டில், அல்பமார்ல் நீர்ப்பரப்பின் தலைப்பில் உள்ளது. ஆண்டுத் தோண்டியபோது அக்காலத்து ஆங்கில மட்பாண்ட ஓடுகள் சில கிடைத்தன. பொன்னென்று மயக்கிய மோதிரத்தினும் இவ்வுடைந்த ஓடுகளையே யாம் பெரிதும் மதிக்கின்றோம். சமையற் கலத்தை வாங்கி விற்பாரினும், வைத்துச் சமைப்பாரே மிகுதியன்றோ? எனினும் கோட்டையோ கல்லறையோ ஈரிடத்தும் அகப்படவில்லை.

மரங்களும் சான்று பகர்கின்றன. அப்பக்கத்துப் பழைய சைப்பிரஸ் மரங்களின் வளையங்களை எண்ணிய அறிஞர், 1587 முதல் 1589 வரை எண்ணூறு ஆண்டுகளில் காணாத கொடிய வறட்சி நிலவிற்று என 1998-இல் வெளியிட்டனர். விளைவு குன்றிய காலத்தில் நூறு பேரை ஓரூரார் புரத்தல் அரிது. ஆதலின் அவர்கள் சிறு கூட்டங்களாய்ப் பிரிந்து, சிலர் ஹாட்டரஸுக்கும் சிலர் உள்நாட்டுக்கும் சென்றிருக்கலாமென்பதே எமது கருத்து. அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளின் அடித்தளமோ இன்னும் கிட்டவில்லை. ரோனோக்கின் வடகரையை நீர் அரித்துக்கொண்டேயிருக்கிறது.