திறன் ஆடியும் அதன் வழுக்காணலும்

முகம் பார்க்கும் ஆடியொன்று நேரத்தையும் நாளையும் வானிலையையும் தன்னுள்ளிருந்தே எழுத்துக்களாய்க் காட்டுமாயின் அதனைத் திறன் ஆடி என்பர். 2014ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த மைக்கேல் டேயு என்பவர் இத்தகைய ஆடியொன்றைத் தம் கையாலேயே செய்து, அதனை இயக்கும் மென்பொருளை யாவரும் எடுத்தாளுமாறு வெளியிட்டார். ‘மஜிக் மிரர்’ எனும் அம்மென்பொருளின் இரண்டாம் வடிவம் 2016இல் வெளிவந்தது. 2012இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை எனும் உள்ளங்கையளவான கணனி மலிவாகக் கிடைத்தமையால், மாணவரும் ஆர்வலரும் இவ்வாடியைத் தத்தம் இல்லங்களில் அமைக்கலாயினர்.

இக்கட்டுரையாளரும் முதுமையெய்திய தம் அன்னையாரின் வசதி கருதி இத்தகைய ஆடியொன்றைச் செய்தவர். ஆடியைச் செய்வது எளிது; அது ஓராண்டேனும் வழுவின்றி இயங்குமாறு செய்வதே அரிது. அவ்வழுக்களின் காரணங்களையும், அவற்றை முறைப்படி கண்டறியும் வழியையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடியின் தத்துவம்

இதன் முன்புறத்தில் அமைவது, ஒளியின் ஒரு பகுதியைத் தெறிக்கச் செய்து மறுபகுதியை ஊடுசெல்லவிடும் கண்ணாடித் தகடு. அதன் பின்னே கணனித் திரை பொருத்தப்படும். திரை கருமையாயுள்ள இடங்களிலிருந்து ஒளி வாராமையால் அவ்விடங்கள் ஆடியாகவே தோன்றும். வெண்ணிற எழுத்துக்களின் ஒளி மட்டும் தகட்டை ஊடுருவிக் கண்ணை எட்டும். ஆகவே, தகட்டின் பின்புறம் முற்றாக இருண்டிருத்தல் வேண்டும். திரவப் பளிங்குத் திரைகளின் பின்னொளி கருமையான இடங்களிலும் சிறிது கசிவதுண்டு. இரவில் ஆடி சாம்பல் நிறமாய்ப் புலப்படுதற்குக் காரணம் இதுவேயன்றிக் கணனியின் குற்றமன்று. பின்னொளியைக் குறைப்பதே அதற்குப் பரிகாரம். அவ்வாறே, பத்து நிமிடங்களில் திரை தானே இருளுமாயின், அது திரையைக் காக்கும் இயல்பான ஏற்பாடு. அதனை நிறுத்திவிட்டாற் போதும்.

வழுக்காணும் முறை

ஆடி இயங்காதபோது பலரும் முதலிற் செய்வது மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுவதாகும். இது நோயறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும். மின்வழங்கல், வெப்பம், நினைவகம், அமைப்புக் கோப்பு, வலையமைப்பு, நேரம் என்ற ஒழுங்கிற் சோதித்தலும், ஒருவேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பயனைக் குறித்துக்கொள்ளலும் இன்றியமையாதன. இரண்டை ஒருங்கே மாற்றினால், வழு நீங்கினும் அதன் காரணம் விளங்காது போய்விடும்.

மின்வழங்கல்

ராஸ்பெரி பையின் மூன்றாம் வகைக்கு 5.1 வோல்ற்றில் 2.5 அம்பியர் வழங்கவல்ல வழங்கி பரிந்துரைக்கப்படுகின்றது. கணனியை வந்தடையும் அழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ற்றிலும் குறையுமாயின், திரையின் மூலையில் மின்னற் குறியொன்று தோன்றும். எமது ஆடியில் இக்குறி அடிக்கடி தோன்றி மறைந்தது. வழங்கியை மாற்றியும் பயனில்லை. குற்றம் வழங்கியில் இல்லை, அதனோடிணைந்த மெல்லிய வடத்திலேயே இருந்தது.

இதனைக் கணித்துக் காட்டலாம். ஒரு மீற்றர் நீளமான மெல்லிய வடத்தின் இரு கம்பிகளினதும் மொத்தத் தடை 0.4 ஓம் எனக் கொள்வோம். கணனி ஓய்ந்திருக்கையில் 0.4 அம்பியர் ஓட்டம் பாயுமாயின் வடத்தில் இழக்கப்படும் அழுத்தம் 0.16 வோல்ற்று, கணனியை அடைவது 4.94 வோல்ற்று. இதிற் குறையொன்றுமில்லை. கணனி வேலை மிகுந்து 1.2 அம்பியர் பெறும்போதோ இழப்பு 0.48 வோல்ற்றாகின்றது, எஞ்சுவது 4.62 வோல்ற்று. இஃது எல்லைக்குக் கீழாகும். ஓய்வில் நன்றாயிருக்கும் கணனி வேலையின்போது மட்டும் தளர்வது ஏன் என்பது இதனால் தெளிவாகும். குறுகிய, தடித்த கம்பிகளையுடைய வடமே இதற்குப் பரிகாரம்.

குறி தோன்றும்போது நாம் திரைமுன் இருப்பதில்லை. எனினும், கணனி தன் குறைகளைப் பதினறும எண்ணொன்றாகத் தெரிவிக்கும். 50005 என்பது அழுத்தக் குறைவும் வேகத் தணிப்பும் இப்போது நிகழ்கின்றன, முன்னரும் நிகழ்ந்தன எனப் பொருள்படும். 50000 ஆயின், அவை தொடங்கியபின் எப்போதோ நிகழ்ந்தன, இப்போதில்லை என்பதாம். சுழியமாயின் ஐயமில்லை.

வெப்பமும் நினைவகமும்

ஒளி புகாதிருக்க ஆடியின் பின்புறத்தைக் கருந்துணியால் மூடுவோர் காற்றையும் அடைத்துவிடுகின்றனர். திரையின் வெப்பமும் கணனியின் வெப்பமும் ஒருங்கு சேர்ந்து 80 பாகை செல்சியஸை எட்டியதும் கணனி தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்ளும். சட்டத்தின் அடியிலும் மேலும் துளைகளிட்டால் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும்.

2017இல் வெளிவந்த சீரோ டபிள்யூ எனும் மிகச் சிறிய வகை ஒற்றைக் கருவும் 512 மெகாபைற்று நினைவகமும் உடையது. மஜிக் மிரர் சார்ந்துள்ள எலெக்ட்ரோன் எனும் சட்டகம் அதன் பழைய செயலியில் இயங்காது. எனவே எத்தனை முறை நிறுவினும் அங்குத் திரையில் எதுவும் தோன்றாது. வழங்கிப் பகுதியை மட்டும் இயக்கி, எளிய உலாவியொன்றின் வழியே காண்பதே வழி. அமைப்புக் கோப்பில் ஒரு காற்புள்ளி தவறினும் திரை இருளும் என்பதையும் நினைவிற் கொள்க; கோப்பைச் சோதிக்கும் கட்டளை மென்பொருளிலேயே உண்டு.

நேரம்: மிக நுண்ணிய வழு

மேற்கூறிய வழுக்கள் யாவும் கண்ணுக்குப் புலனாவன. புலனாகாத வழுவொன்றும் உண்டு. அதுவே மிகவும் கேடு பயப்பது. 2023இல் வந்த ஐந்தாம் வகைக்கு முற்பட்ட ராஸ்பெரி பைகளில், மின்னற்ற வேளையிலும் ஓடும் மணிக்கூடு இல்லை. மின் நின்றால் அவற்றின் காலமும் நின்றுவிடும். மின் மீண்டதும், இறுதியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, இணையத்தை எட்டியபின்னரே உண்மை நேரத்தைப் பெறும்.

2022இல் இலங்கையில் மின்வெட்டு நீடித்த காலத்தில் ஓரிரவு மின் நின்று, விடியுமுன் மீண்டது. வலையமைப்புக் கருவி மட்டும் மீளவில்லை. ஆடியோ ஒளிர்ந்தது, வினாடிகளும் ஒழுங்காக ஓடின. ஆயினும் அது காட்டியது முந்திய நாளின் இரவை. காலையில் ஆடியை நோக்கிய அன்னையார் மணி பிழையென்பதை உணர்ந்தாராயினும், நாளைச் சரியென நம்பினார். அன்று மருத்துவரிடம் செல்லவேண்டிய நாள். அதனை மறுநாளென்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டார். இருண்ட திரையாயின் அவர் நாட்காட்டியைப் பார்த்திருப்பார்.

இதற்கு இரு பரிகாரங்கள் செய்தோம். முதலாவது, மின்கலத்தால் இயங்கும் மணிக்கூட்டுச் சில்லொன்றைப் பொருத்தினோம். டீஎஸ் 3231 எனும் சில்லின் வழு பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு; ஆண்டொன்றில் ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டாவது, இணையத்தோடு நேரம் ஒத்துப்பார்க்கப்படாதவிடத்துத் திரையில் நாளுக்குப் பதிலாக ‘நேரம் உறுதியன்று’ எனும் தொடர் தோன்றுமாறு அமைத்தோம். வானிலைச் செய்திக்கும் இஃது பொருந்தும். செய்தி தரும் சேவைகள் நின்றுபோவதுண்டு. பலர் பயன்படுத்திய டார்க் ஸ்கை எனும் சேவை 2023 மார்ச் 31ஆம் நாள் மூடப்பட்டது. பழைய செய்தியை அதன் நேரம் குறியாது திரையில் விட்டுவைத்தல் தகாது.

முடிவுரை

இல்லத்தில் ஒரு கருவியை அமைப்பவர் அது நன்கு இயங்கும் நிலையை மட்டுமன்றி, அது கெடும்போது எவ்வாறு கெடும் என்பதையும் முன்னரே எண்ணிப்பார்த்தல் வேண்டும். தன் குறையைத் தானே சொல்லுமாறு அமைக்கப்பட்ட கருவியே முதியோரும் பிறரும் நம்பிப் பயன்படுத்தத்தக்கது என்பது எமது துணிபு.