கட்டத் தெரிந்தவர் கற்க வேண்டியது

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டியிற் செல்வோர், கடுகண்ணாவை ஏற்றத்தை அணுகியதும் சாளரத்தின் பக்கம் திரும்புவர். ஒருபுறம் செங்குத்தான பாறை. மறுபுறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. இவ்விரண்டுக்கும் இடையே இருப்புப் பாதை அமைத்தோரின் திறமையை வியவாதார் இலர். எனினும், அப்பாதையை முதலில் தடுத்து நிறுத்தியது பாறையன்று, கணக்கே.

இலங்கைக்கு இருப்புப் பாதை அமைப்பதற்கென 1845ஆம் ஆண்டில் ஒரு கம்பெனி தோன்றியது. கண்டிக்குச் செல்லத்தக்க ஆறு வழிகளை ஆராய்ந்த கப்டன் மூர்சம், 1857இல் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, ஏறத்தாழ 8 இலட்சத்து 56 ஆயிரம் பவுண் செலவாகும் என்று மதிப்பிட்டார். 1858 ஆகஸ்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கி வைத்தார். ஆனால் மதிப்பிட்ட தொகைக்குள் வேலை முடியாதென்பது விரைவிலேயே தெளிவாயிற்று. 1861இல் பங்குதாரரின் பணத்தைத் தீர்த்துவிட்டு அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. புதிய ஒப்பந்தகாரர் வந்து வேலையைத் தொடர, 1867இல் வண்டி கண்டியை அடைந்தது. பாறையை உடைக்கும் கலையை அன்றைய பொறியியலர் நன்கறிந்திருந்தனர். செலவையும் காலத்தையும் முன்கூட்டியே அளந்து, வேலை நடக்கும்போது அவற்றைக் கட்டுக்குள் வைத்திருக்கும் கலையோ அப்பொழுது முறையான கல்வியாக வளர்ந்திருக்கவில்லை.

அந்தக் கலையே இன்று செயற்றிட்ட முகாமைத்துவம் என்னும் பெயரில் பட்டப்பின் படிப்பாகப் பயிலப்படுகின்றது. செயற்றிட்டம் என்பது யாது? தொடக்கமும் முடிவும், வரையறுத்த செலவும், ஒரு குறிக்கோளும் உடைய தனி வேலையே செயற்றிட்டம். நாள்தோறும் புகைவண்டியை ஓட்டுவது செயற்றிட்டமாகாது. அது ஓடுவதற்குப் பாதையிடுவது செயற்றிட்டமாகும். பாலத்தின் வளை எத்துணைப் பாரம் தாங்கும் என்பதை முதற் பட்டத்திலேயே மாணவர் கற்றுவிடுகின்றனர். எவ்வேலை முந்துவது, எது பிந்துவது, யார் செய்வது, என்ன செலவாகும், பிழைத்தால் என்ன செய்வது என்பவையே பட்டப்பின் படிப்பின் பொருள்.

இதன் நுட்பத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கண்டிப் பகுதியில் ஒரு மலைச்சரிவில், பாடசாலைக்கென விஞ்ஞானகூடம் ஒன்று கட்ட வேண்டியிருப்பதாகக் கொள்வோம். நிலத்தைச் சமப்படுத்தித் தாங்குசுவர் கட்ட 4 வாரம். அத்திவாரத்துக்கு 3 வாரம். சுவர்களுக்கு 5 வாரம். கூரைக்கு 3 வாரம். மின்னிணைப்புக்கும் பூச்சு வேலைக்கும் 3 வாரம். ஒன்றன்பின் ஒன்றாக வரும் இவற்றின் கூட்டுத்தொகை 18 வாரம். கூரைக்குரிய இரும்புச் சட்டங்களைப் பட்டறையிற் செய்து பெற 6 வாரம் செல்லும். ஆயினும் அவ்வேலை கட்டட வேலைக்கு இணையாக வேறோரிடத்தில் நடப்பது. கூரை வேலை 12 வாரம் முடிந்த பின்னரே தொடங்குவதாகையால், சட்டங்களுக்குக் கட்டளையிடுவதில் 6 வாரம் வரை தாமதித்தாலும் கேடில்லை.

ஆனால் 10 வாரம் கழிந்த பின்னரே கட்டளையிட்டால் நிகழ்வது யாது? சட்டங்கள் 16ஆம் வார முடிவில் வந்து சேரும். நான்கு வாரம் சுவர்கள் வெறுமனே நிற்கும். ஜூன் முதலாந் திகதி தொடங்கிய வேலையாயின், செப்டெம்பர் நடுப்பகுதியில் மூடப்பட வேண்டிய கூரை, ஒக்டோபர் நடுப்பகுதியில், ஐப்பசி மழை வாசலில் வந்து நிற்கும்போதுதான் மூடப்படும். ஒரு கடிதம் மேசையில் உறங்கியதன் விலை இது.

எவ்வேலைகளில் ஒரு நாள் பிந்தினாலும் முழுவதும் ஒரு நாள் பிந்துமோ, அவற்றின் தொடரைத் தாமதம் தாங்காத பாதை எனலாம். இப்பாதையைக் கணித்தறியும் முறையை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபொன்ட் கம்பெனியார் வகுத்தனர். அதே காலத்தில், 1958இல், அமெரிக்கக் கடற்படையினர் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதனையொத்த மற்றொரு முறையைக் கண்டனர். இன்று கணக்கிடுவது கணனியே எனினும், எந்த வேலைக்கு எது முற்பட்டது என்று கணனிக்குச் சொல்ல வேண்டியவர் வேலையை அறிந்த மனிதரே.

பொறியியலைக் கற்பதற்குக் கண்டிச் சூழலை விடச் சிறந்த இடம் அரிது. 1950இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம், 1964இல் பேராதனைக்கு வந்து மகாவலிக் கரையில் அமர்ந்தது. அதே ஆற்றின்மீது 1833இல் முதிரை மரத்தால் 205 அடி நீளத்துக்கு ஒரே வளைவாகக் கட்டப்பட்ட பாலம் 1905 வரை நின்றது. சற்று அப்பால் பொல்கொல்ல அணைக்கட்டு 1976இலிருந்து மகாவலி நீரை வடக்கே திருப்புகின்றது. அதற்கும் கீழே 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறந்து வைக்கப்பட்டது.

இவ்விடத்தில் ஒன்றை ஆழ்ந்து சிந்தித்தல் வேண்டும். 30 ஆண்டுகளில் நிறைவேற்ற எண்ணிய மகாவலித் திட்டத்தின் முக்கிய பகுதிகளை 6 ஆண்டுகளில் முடிக்க 1977இல் தீர்மானிக்கப்பட்டது. காலத்தைச் சுருக்கினால் செலவு பெருகும் என்பது இக்கல்வியின் முதற் பாடங்களுள் ஒன்று. எனினும் பணத்தால் மட்டும் அளக்க முடியாத செலவும் உண்டு. விக்டோரியா நீர்த்தேக்கத்துள் பழைய தெல்தெனிய நகர் மூழ்கியது. கடுங்கோடையில் நீர் வற்றும்போது அதன் எச்சங்கள் வெளியே தோன்றுவதுண்டு. 210 மெகாவாற் மின்சாரம் நாட்டுக்குக் கிடைத்தது உண்மை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனையை மக்கள் விட்டுச் சென்றதும் உண்மை. வீடிழப்போருக்கு மாற்றிடம் ஆயத்தமாவதையும் தாமதம் தாங்காத பாதையிலே வைத்து எண்ணுபவரே நல்ல முகாமையாளர்.

இனி, இப்படிப்பை எப்பொழுது தொடங்குவது? முதற் பட்டம் பெற்ற கையோடு தொடங்கிவிட வேண்டுமென்று பெற்றோர் பலர் விரும்புவர். சில ஆண்டுகள் வேலைத்தலத்தில் நின்ற பின் கற்பதே மேல். சீமெந்து வராத நாளில் ஐம்பது பேருக்குக் கூலி கொடுத்த பொறியியலருக்கு, தாமதத்தின் பொருளைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. அவர் பட்டறிந்தவற்றுக்குப் பெயரும் முறையும் வகுத்துத் தருவதே படிப்பின் பணி. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதற் பட்டம் இலவசம். பட்டப்பின் படிப்புக்குக் கட்டணம் உண்டு. உழைப்பவருக்கு அச்சுமையும் ஓரளவு தாங்கத்தக்கதாகும்.

மொழியும் கருதத்தக்கது. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கற்கின்றனர். வரைபடமும் ஒப்பந்தமும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. ஆனால் கண்டிப் பகுதியின் வேலைத்தலத்தில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அருகருகே நின்று உழைக்கின்றனர். மூன்று மொழியிலும் கட்டளை சொல்லவும் குறை கேட்கவும் வல்லவருக்கு வேலை தடையின்றி நடக்கும். மலையகத் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இயல்பாக வாய்க்கும் சிங்களப் பழக்கம் இங்கே ஒரு மூலதனம்.

இறுதியாக ஒரு கணக்கு. நாட்டின் தகைமைச் சட்டகத்தின்படி, பாடநெறி வழியாகப் பெறும் முதுமாணிப் பட்டத்துக்குக் குறைந்தது 30 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளிக்கு 50 மணி நேரக் கற்றல் கொள்ளப்படும். ஆக 1,500 மணி நேரம். இரண்டு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்கு 14 மணிக்குச் சற்று மேல். வேலையும் குடும்பமும் உடையவருக்கு இஃது எளிதன்று. எந்த இரவைப் படிப்புக்கு ஒதுக்குவது, எந்தச் செலவைக் குறைப்பது, வீட்டில் யாருடைய உதவியை நாடுவது என்று முதல் வாரத்திலேயே தாளில் எழுதி வைப்பவர் பட்டத்தை முடிப்பார். அவ்வாறு எழுதும்போதே அவர் தம் முதலாவது செயற்றிட்டத்தைத் தொடங்கிவிட்டவராவர்.