சட்டப் படங்களும் நம்பகத்தன்மையும்

அகப்பாடல் பற்றிக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். கற்பனைக்கு இடமுண்டு, ஆனால் அது உலகத்தில் காலூன்றி நிற்க வேண்டும். சட்டத்தைப் பொருளாகக் கொண்ட மர்மக் கதைகளுக்கு இந்த நெறி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ஏனெனில் அங்கே சட்டமே கதையை நடத்துகிறது.

1999இல் புரூஸ் பெரஸ்ஃபோர்ட் நெறிப்படுத்திய ‘டபிள் ஜெப்பர்டி’ என்ற அமெரிக்கப் படத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் நிக்கைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு லிபி (அஷ்லி ஜட்) சிறை செல்கிறாள். சிறையிலிருந்து மகனுடன் தொலைபேசியில் பேசும்போது, அவன் ‘அப்பா’ என்று யாரையோ அழைப்பது காதில் விழுகிறது. நிக் உயிரோடிருக்கிறான்! ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கிடையாது. ஆகவே இனி அவனை உண்மையாகவே கொன்றாலும் உன்னை எவரும் தண்டிக்க முடியாது என்கிறாள், சட்டத்தரணியாயிருந்த சக கைதி. படம் முழுவதும் இந்த ஒரு வாதத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

வாதமோ பிழையானது. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பில் சேர்ந்த ஐந்தாவது திருத்தம், ஒரே குற்றத்துக்கான மறு விசாரணையையே தடுக்கிறது. வேறொரு காலத்தில், வேறோர் இடத்தில் செய்யப்படும் கொலை புதிய குற்றமாகும். மேலும், லிபி தண்டனை பெறுவது வொஷிங்டன் மாநிலத்தில். நிக்கைக் கண்டுபிடிப்பது லூசியானாவில். ஒரே கொலையைக்கூட இரு மாநிலங்கள் தனித்தனியே விசாரிக்கலாம் என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1985இல் ‘ஹீத் எதிர் அலபாமா’ வழக்கில் தீர்ப்பளித்துள்ளது.

துயரத்திலிருக்கும் ஒருத்தி தவறான சட்டத்தை நம்புவது இயல்பே. அந்த நம்பிக்கை அவளை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டியிருந்தால் சிறந்த அவலச்சுவைப் படைப்பு பிறந்திருக்கும். ஆனால் அவளைக் கண்காணிக்கும் உத்தியோகத்தர் (டொம்மி லீ ஜோன்ஸ்) முன்னாள் சட்டப் பேராசிரியர். அவரே இறுதியில் அவள் சொல்வது சரி என்கிறார். பாத்திரத்தின் அறியாமை அங்கே படத்தின் அறியாமையாகிவிடுகிறது.

நிக்கின் பாத்திர வார்ப்பைப் பாருங்கள். இறந்தவனாக நடித்துப் பெயரையும் ஊரையும் மாற்றியவன், பழைய கன்டின்ஸ்கி ஓவிய மோகத்தை மட்டும் மாற்றவில்லை. ஹோட்டல் அதிபராகி, ஊரறிய நிதி திரட்டும் விழா மேடையில் நிற்கிறான். லிபியை உயிரோடு சவப்பெட்டியில் அடைப்பவன், அவளது துப்பாக்கியையும் உள்ளேயே விட்டுவிடுகிறான்! இத்தவறுகள் அவன் சுபாவத்தில் பிறந்தவையல்ல. கதாசிரியரின் வசதிக்காக நேர்ந்தவை.

அகதா கிறிஸ்டியின் நாடகத்தைத் தழுவி 1957இல் பில்லி வைல்டர் தந்த ‘விட்னஸ் ஃபோர் த புரொசிக்கியூஷன்’ படத்திலும் இதே விதி வருகிறது. விடுதலையானவனை மீண்டும் விசாரிக்க முடியாது என்ற அக்கால இங்கிலாந்துச் சட்டம் அங்கே பிழையின்றிக் கையாளப்படுகிறது. மார்லீன் டீட்ரிச் ஏற்ற பாத்திரம் செய்யும் காரியம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. பின்னோக்கிப் பார்த்தால், ஒவ்வோர் அடியும் அவளது காதலிலிருந்தே எழுந்தது புலனாகும்.

கணவன் உயிரோடிருப்பதை நிரூபித்துத் தன் தண்டனையை நீக்குவதே லிபிக்கிருந்த உண்மையான வழி. சட்டத்தால் வஞ்சிக்கப்பட்டவள் அதே சட்டத்தின் கதவை மீண்டும் தட்டுவதில் எத்தனை வேதனை, எத்தனை நாடகம்! படம் அதை அவசரமாகக் கடந்துவிட்டுத் துப்பாக்கியைத் தேடுகிறது. பரபரப்பு கிடைத்தது, லிபி என்ற மனுஷியைத்தான் இழந்துவிட்டோம்.